ஒரே மக்ரோ ஒரு நேரம் சரி, ஒரு நேரம் பிழை: கமரா கீபோட் பற்றிய கேள்விக்குப் பதில்

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் கமரா அறையைப் பார்க்கிற நண்பர் கேட்டிருக்கிறார். சுழலும் கமரா நாலு, அசையாத கமரா பன்னிரண்டு, கமராக்களை இயக்க ஜோய்ஸ்டிக் வைத்த கீபோட் ஒன்று. நெல் லொறி கேற்றுக்கு வந்ததும் இரவு வாச்சர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கேற் கமரா நம்பர் பிளேட் தெரியும்படி லொறியின் முன்பக்கத்துக்கும், தராசுக் கமரா தராசுத் தட்டுக்கும் திரும்ப வேண்டும். இரண்டு படமும் இரண்டு மொனிட்டரில் வர வேண்டும். அதற்கு மக்ரோ போட்டிருக்கிறார், அதாவது பல பொத்தான்களின் வேலையை ஒரே பொத்தானில் பதிந்து வைத்திருக்கிறார். சில நேரம் சரியாக வருகிறதாம், சில நேரம் கமரா பாதி வழியில் நின்றுவிடுகிறதாம், சில நேரம் சம்பந்தமே இல்லாமல் களஞ்சியக் கமரா திரும்புகிறதாம். "மக்ரோ போடுவது எப்படி, கீபோட் பழுதா?" என்பது அவருடைய கேள்வி. மக்ரோ போட அவருக்குத் தெரியும், ஒரு சில தரமாவது அது சரியாக ஓடியிருக்கிறது. அப்படியென்றால் அவர் உண்மையில் கேட்பது, மாறாத ஒரு மக்ரோ ஏன் நேரத்துக்கு ஒரு மாதிரி நடக்கிறது என்பதைத்தான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் கமரா பூட்டி, பிறகு அதைப் பராமரிக்கிற வேலை எனக்கு. கீபோட்டின் மாடலை நீங்கள் எழுதவில்லை. ஆகவே எந்தப் பொத்தானை எத்தனை செக்கன் பிடித்தால் மக்ரோப் பதிவு தொடங்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது கம்பனிக்குக் கம்பனி வேறு, உங்கள் கையேட்டில் இருக்கிறது. கமராக்கள் ஆர்எஸ்-485 என்ற, கட்டளைகளைக் கொண்டுபோகிற இரண்டு வயர் இணைப்பில், பெல்கோ-டி அல்லது பெல்கோ-பி என்ற கட்டளை மொழியில் ஓடுகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அதற்குத்தான் பொருந்துகின்றன.

முதலில் மக்ரோ என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் அழுத்திய பொத்தான்களை அதே ஒழுங்கில் திரும்ப அழுத்துகிறது, அவ்வளவுதான். கமரா இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது, எந்த மொனிட்டர் தெரிவாகி இருக்கிறது, முன்னுக்குக் கொடுத்த கட்டளை முடிந்ததா என்று எதுவும் அதற்குத் தெரியாது. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைக்கப் போகிறவரைப் போல, நின்ற இடம் சரியென்றால் அடி முட்டியில் விழும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவர் தலையில் விழும். உங்களுடைய இரண்டு அறிகுறிகளும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு. வயரிங்கிலும் பிழை இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

களஞ்சியக் கமரா திரும்புகிற கதையை எடுங்கள். அனேகமாக உங்கள் மக்ரோ "ப்ரீசெட் 5" என்று தொடங்குகிறது. ப்ரீசெட் என்பது கமராவில் எண் கொடுத்துச் சேமித்து வைத்த ஒரு பார்வை இடம். பதிவு செய்த நேரம் கேற் கமரா தெரிவாகி இருந்தது. அதனால் அன்றைக்குச் சரியாக வந்தது. இரவில் வாச்சர் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே பொத்தானை அழுத்தினால், ப்ரீசெட் 5 என்ற கட்டளை களஞ்சியக் கமராவுக்குப் போகிறது. ஆகவே மக்ரோவின் முதல் வேலை, யார் எந்த நிலையில் விட்டிருந்தாலும் கீபோட்டைத் தெரிந்த ஓர் இடத்துக்குக் கொண்டுவருவது. கிளியர் பொத்தான், பிறகு மொனிட்டர் எண், பிறகு கமரா எண், அதற்குப் பிறகுதான் ப்ரீசெட். கிளியரை வேண்டாத ஒன்றாக நினைக்காதீர்கள். வாச்சர் வேறு எதற்கோ 1 என்ற இலக்கத்தை அழுத்திவிட்டு மனம் மாறி மக்ரோப் பொத்தானுக்குப் போனால், அந்த 1 கீபோட்டின் நினைவில் நிற்கிறது. மக்ரோ 3 என்று கொடுக்க, கீபோட் 13 என்று எடுத்துக்கொள்ளும். பதின்மூன்றாம் கமரா உங்களிடம் அசையாத கமரா என்றால் ஒன்றும் நடக்காது, "மக்ரோ வேலை செய்யவில்லை" என்று காலையில் உங்களுக்குச் சொல்லுவார்கள்.

பாதி வழியில் நிற்பதற்கு இரண்டு மூன்று காரணங்கள் உண்டு. மக்ரோ பதியும்போது ஜோய்ஸ்டிக்கைத் தொட்டீர்களா? சில கீபோட்கள் ஜோய்ஸ்டிக் அசைவையும் நேரத்தோடு சேர்த்துப் பதிந்துவிடும். "இடது பக்கம் இரண்டு செக்கன்" என்ற பதிவு, கமரா எங்கிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் முடியும். போதாததுக்கு, சூம் கூடக்கூட சுழலும் வேகத்தைத் தானாகக் குறைக்கிற டோம்கள்தான் (குமிழ் வடிவச் சுழலும் கமராக்கள்) இப்போது அதிகம். சூம் செய்த நிலையில் அந்த இரண்டு செக்கனில் கமரா கொஞ்சத் தூரம்தான் நகரும். இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது: மக்ரோவுக்குள் ஜோய்ஸ்டிக் வரவே கூடாது. இடங்களை எல்லாம் ப்ரீசெட்டாகக் கமராவில் சேமியுங்கள், மக்ரோ அந்த எண்களை மட்டும் கூப்பிடட்டும். ப்ரீசெட் கோணத்தையும் சூமையும் சேர்த்தே வைத்திருக்கும், எங்கிருந்து கூப்பிட்டாலும் அதே இடத்துக்குத்தான் வரும்.

அடுத்தது நேரம். இதைப் புரிந்துகொள்ள வயரில் என்ன போகிறது என்று ஒருக்கால் பார்ப்பது நல்லது. பெல்கோ-டி கட்டளை ஒன்றில் ஏழு எண்கள் இருக்கும். முதலாம் கமராவின் ஐந்தாம் ப்ரீசெட்டைக் கூப்பிட 255, 1, 0, 7, 0, 5, 13 என்று போகும். 255 தொடக்க அடையாளம், 1 கமராவின் அட்ரஸ், 7 என்பது ப்ரீசெட்டுக்குப் போ என்ற கட்டளை, 5 ப்ரீசெட்டின் எண், கடைசி 13 நடுவில் உள்ள ஐந்து எண்களின் கூட்டுத்தொகை. கமரா அதை வைத்துத்தான் வந்த செய்தி பிழையில்லாததா என்று பார்க்கிறது. ஏழாவது எண் பொருந்தவில்லை என்றால் கமரா பேசாமல் விட்டுவிடும். செக்கனுக்கு 2400 பிட் என்ற வேகத்தில் இந்த ஏழு எண்ணும் போக ஏறக்குறைய 30 மில்லிசெக்கன் எடுக்கும். கமரா அந்த இடத்துக்குத் திரும்பி, சூம் இழுத்து, போகஸ் பிடிக்கச் சில செக்கன்கள் எடுக்கும். சாதாரண கீபோட் "வந்துவிட்டேன்" என்ற பதிலை எதிர்பார்ப்பதில்லை. கமரா வழியில் இருக்கும்போதே மக்ரோ அதே கமராவுக்கு இன்னொரு கட்டளை, சூமோ போகஸோ எதையாவது, அனுப்பினால் பெரும்பாலான கமராக்கள் பழைய வேலையை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கும். பாதியில் நிற்பது அங்கேதான்.

உங்கள் மக்ரோவில் ப்ரீசெட்டுக்குப் பிறகு சூம் பொத்தான் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்த சூமையும் ப்ரீசெட்டிலேயே வைத்துச் சேமியுங்கள். கட்டளைகளுக்கு இடையில் காத்திருப்பு நேரம் போட கீபோட்டில் வசதி இருந்தால் அதைக் கடிகாரத்தால் அளந்து போடுங்கள். கமராவை எதிர்ப்பக்கம் திருப்பி, சூமை முழுதாக விரித்து வைத்துவிட்டு ப்ரீசெட்டைக் கூப்பிடுங்கள், படம் தெளிகிற வரை எத்தனை செக்கன் என்று பாருங்கள், அதோடு பாதியைக் கூட்டிப் போடுங்கள். அந்த அளவையை இரவிலே செய்ய வேண்டும், ஏனென்றால் இருட்டில் போகஸ் பிடிக்க அதிக நேரம் எடுக்கும். காத்திருப்பு வசதி இல்லாத கீபோட் என்றால் ஒழுங்கை மாற்றிச் சமாளிக்கலாம். கிளியர், மொனிட்டர் 1, கமரா 1, ப்ரீசெட் 5, உடனே மொனிட்டர் 2, கமரா 2, ப்ரீசெட் 3, அத்தோடு முடிவு. இரண்டு கமராவும் ஒரே நேரத்தில் திரும்பும், ஒன்றுக்கும் இரண்டாவது கட்டளை போகாது, வெட்டுப்படவும் மாட்டாது. பொதுவாகவே மக்ரோ குட்டையாக இருந்தால் பிழை வர இடம் குறைவு. மக்ரோவுக்குள் இன்னொரு மக்ரோவைக் கூப்பிடுவதையும், தன்னையே திரும்பக் கூப்பிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிற மக்ரோவையும் நான் போடுவதில்லை. சுற்றிச் சுற்றிப் பார்க்கிற வேலை கமராவிலேயே ரோந்து என்று இருக்கிறது, அதற்கு விட்டுவிடுங்கள்.

பாதியில் நிற்பதற்கு இன்னொரு காரணம் ஜோய்ஸ்டிக் நடுவில் சரியாக நிற்காதது. யாரும் தொடாமலே கமரா மெல்ல நகர்கிறது என்றால், அல்லது கீபோட்டின் சிறிய திரையில் அசைவு எண் பூச்சியத்தில் நிற்காமல் துடிக்கிறது என்றால், அது கமராவுக்கு இடைக்கிடை சின்னச் சின்ன அசைவுக் கட்டளைகளையும் நிறுத்தக் கட்டளைகளையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மக்ரோ கூப்பிட்ட ப்ரீசெட்டை அது வெட்டிவிடும். கல்முனையிலிருந்து கல்லடி வரைக்கும் கரையோரத்தில் இது அடிக்கடி வருகிற பிணி. உப்புக் காற்று உள்ளே போகிறது. ஆலையில் உமித்தூசியும் சேரும். பெரும்பாலான கீபோட்களில் ஜோய்ஸ்டிக்கை நடுநிலைப்படுத்துகிற தெரிவு மெனுவில் இருக்கிறது. அதை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் துடித்தால் ஜோய்ஸ்டிக்கை மாற்றத்தான் வேண்டும்.

ப்ரீசெட் எண் தெரிவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லா எண்ணும் இடத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய எண்கள் சில டோம்களில் உள்வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். 95 என்று கூப்பிட்டால் பல டோம்களில் திரையில் மெனு திறந்துவிடும். ஹிக்விஷன் டோம்களில் 33 கமராவைப் பின்பக்கம் திருப்பும், 39 பகல் நிலை, 40 இரவு நிலை, 94 கமராவையே நிறுத்தித் தொடக்கும். ஆகவே இடங்களுக்கு 1 முதல் 32 வரை மட்டும் பாவியுங்கள். ஆனால் இதே பொறி நமக்கு உதவியும் செய்யும்: உங்கள் டோமின் கையேட்டில் இரவு நிலைக்கு எண் இருந்தால், இரவு மக்ரோவில் அந்த எண்ணை முதலில் கூப்பிட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு இடத்துக்குப் போகச் சொல்லலாம். வைப்பர் உள்ள கமரா என்றால் அதையும் துணைப் பொத்தான் மூலம் மக்ரோவில் சேர்க்கலாம். ஆலையில் மட்டும் அது வேண்டாம். காய்ந்த தூசியில் வைப்பர் ஓடினால் கண்ணாடி கீறுப்படும்.

இனி வயரிங். மக்ரோவா, வயரா என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். மக்ரோவை மறந்துவிட்டு, கையால் கமரா 1, ப்ரீசெட் 5, பிறகு ப்ரீசெட் 6, பிறகு 5 என்று மாறி மாறி இருபது முறை கூப்பிடுங்கள். ஒரு முறையாவது கமரா அசையாமல் இருந்தால் மக்ரோவில் ஒன்றையும் தேடாதீர்கள், பிழை வயரிலோ அமைப்பிலோ இருக்கிறது. நான் ஆலைகளிலும் கடைத்தொகுதிகளிலும் முதலில் பார்ப்பது, நாலு கம்பத்திலிருந்தும் நாலு வயர் தனித்தனியாக அறைக்கு வந்து ஒரே இடத்தில் முறுக்கி இருக்கிறதா என்பது. வீட்டு வயரிங் செய்து பழகியவர்களுக்கு அது இயல்பாக வரும். ஆர்எஸ்-485க்கு அது ஒத்துவராது. கீபோட்டிலிருந்து முதல் கமராவுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு என்று ஒரே கோடாகப் போக வேண்டும். கோட்டின் இரண்டு நுனியிலும் 120 ஓம் தடை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு வயருக்கும் இடையில் மீற்றர் வைத்தால் 60 ஓமுக்குக் கிட்ட வர வேண்டும். 120 காட்டினால் ஒரு தடை இல்லை. 40 அல்லது 30 காட்டினால் யாரோ நடுவில் உள்ள கமராவிலும் தடையைப் போட்டுவிட்டார்கள். தனித்தனி வயர்தான் இழுத்திருக்கிறது, மாற்ற வழியில்லை என்றால், ஒவ்வொரு கிளைக்கும் தனி வாய் உள்ள 485 பிரிப்பான் ஒன்றைப் போடுங்கள். 1200 மீற்றர் வரை போகலாம் என்பது கணக்கு. நெல்லுக் குத்துகிற மோட்டர்களின் மூன்று பேஸ் கேபிளோடு ஒரே குழாயில் போனால் நூறு மீற்றருக்கே கட்டளை கெடலாம். மோட்டர் ஓடும்போது மட்டும் பிழைக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரே இரண்டு வயரில் கீபோட்டும் ரெக்கோடரும் சேர்ந்து இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் குழம்பும். அந்தக் கூட்டுத்தொகை பொருந்தாது, கமரா எதையும் கேட்காது. ரெக்கோடரில் யாரோ ரோந்தை ஓடவிட்டிருந்தால், மக்ரோ கொண்டுவந்து வைத்த கமராவைச் சில செக்கனில் ரோந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கூடவே முதலாளியின் போன். அவர் கொழும்பில் இருந்துகொண்டு ரெக்கோடரின் செயலியில் கமராவை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார், இங்கே வாச்சர் மக்ரோ பழுது என்று பொத்தானை மாறி மாறி அழுத்திக்கொண்டிருப்பார். ரெக்கோடர்கள் பலவற்றில் யாருக்கு முன்னுரிமை என்று அமைக்கலாம், அல்லது பயனர் கணக்கில் திருப்பும் உரிமையை எடுத்துவிடலாம். முதலாளியின் உரிமையை எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அறிவித்துவிட்டு முன்னுரிமையைக் கீபோட்டுக்குக் கொடுப்பது சுமுகமான வழி.

வேறு கமரா திரும்புவதற்குக் காரணம் முன்பு சொன்னது இல்லையென்றால் அட்ரஸைப் பாருங்கள். பெல்கோ-டியில் முதலாம் கமரா வயரில் 1 என்றே போகும். பெல்கோ-பியில் அது 0 என்று போகும், எண்ணுவது பூச்சியத்தில் தொடங்குகிறது. இந்த ஒன்றைக் கழிக்கிற வேலையைக் கீபோட்டோ கமராவோ சரியாகச் செய்யாத சோடி அமைந்தால், 1ஐக் கூப்பிட 2 திரும்பும். நாலு கமராவையும் கீபோட்டையும் பெல்கோ-டி, 2400 என்று ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். அட்ரஸை அமைக்கிற சின்ன ஸ்விட்ச்களை (டிப் ஸ்விட்ச்) மாற்றிய பிறகு கமராவின் கரண்டை நிறுத்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் பல கமராக்கள் பழைய அட்ரஸிலேயே நிற்கும். இரண்டு கமராவுக்கு ஒரே அட்ரஸ் விழுந்திருக்கிறதா என்றும் கம்பத்தில் ஏறின கையோடு பாருங்கள்.

கரண்ட் போய் வருவது நம்முடைய பக்கத்தில் தனிக் கதை. ப்ரீசெட்கள் கமராவின் அழியாத நினைவில் இருப்பதால் அவை போகாது. கரண்ட் வந்ததும் டோம் தன்னைச் சோதித்து ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க ஒரு நிமிடம் வரை எடுக்கும், அந்த நேரத்தில் வருகிற கட்டளைகளை அது கேட்காது. கீபோட் யூபிஎஸ்ஸில், கமராக்கள் ஜெனரேட்டரில் என்றிருந்தால், ஜெனரேட்டர் பிடித்த உடனே வாச்சர் அழுத்துகிற மக்ரோ காற்றில் போகும். கமராக்களின் கரண்டையும் யூபிஎஸ்ஸில் கொண்டுவாருங்கள். மக்ரோக்களோ கீபோட்டில் இருக்கின்றன. பழைய கீபோட் சிலவற்றில் உள்ளே ஒரு சின்ன பற்றரிதான் அவற்றைக் காப்பாற்றுகிறது, பற்றரி செத்தால் எல்லாம் போகும். ஒவ்வொரு மக்ரோவையும் பொத்தான் பொத்தானாக ஒரு கொப்பியில் எழுதி அறையிலேயே வையுங்கள். சித்திரை இடிமழைக்கும் ஐப்பசி இடிமழைக்கும் முன்னர் 485 வயரின் இரு நுனியிலும் மின்னல் காப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட வயர்தான் மின்னலை அறைக்குள் கூட்டிக்கொண்டு வருவது, முதலில் போவது கீபோட்டின் 485 சிப்.

லொறி போன பிறகு கமராவைத் திருப்பி அனுப்ப இன்னொரு மக்ரோ வேண்டுமா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கமராவின் மெனுவில், இத்தனை நேரம் யாரும் தொடாவிட்டால் இந்த ப்ரீசெட்டுக்குத் திரும்பு என்று ஒரு தெரிவு பெரும்பாலும் இருக்கும். அந்த நேரத்தை ஒரு லொறியைத் தராசில் நிறுத்து முடிக்கிற நேரத்தைவிடக் கூடுதலாகப் போடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கமரா முகத்தைத் திருப்பிவிடும். பொத்தானுக்கு மேல் "லொறி" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். இரவு வாச்சர் சிங்களம் மட்டும் வாசிக்கிறவர் என்றால் சிங்களத்திலும் எழுதுங்கள்.

நம்பர் பிளேட்டைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் உங்களுடையதிலிருந்து வேறு. சுழலும் கமராவைப் பிளேட் வாசிக்க வைப்பது வில்லங்கம். மக்ரோ எவ்வளவு சரியாக ஓடினாலும் இரவில் ஹெட்லைட் நேரே அடிக்கும்போது பிளேட் வெள்ளையாகத்தான் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டி, கேற்றை மட்டும் பார்க்கிற அசையாத கமரா ஒன்றை பிளேட் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாகப் பூட்டுங்கள். அது எந்நேரமும் பதிந்துகொண்டிருக்கும். உங்கள் பன்னிரண்டில் ஒன்றை இடம் மாற்றினாலே போதும். சுழலும் கேற் கமரா சாரதியையும் மூட்டைகளையும் பார்க்கட்டும்.

பெரும்போக அறுவடை லொறிகள் மாசி, பங்குனியில் வரிசையில் நிற்கும்போது இவற்றைச் சோதிக்க முடியாது, அதற்கு முன்னர் ஒரு இரவு எடுத்துச் செய்யுங்கள். முதலில் கையால் இருபது முறை, பிறகு மீற்றர், பிறகு கிளியரில் தொடங்கும் குட்டை மக்ரோ, இந்த ஒழுங்கில். அதன் பிறகும் பிழைத்தால் கீபோட்டின் மாடல், ஒவ்வொரு கமராவின் டிப் ஸ்விட்ச் நிலை, வயர் போகிற வழியின் ஒரு கோட்டுப் படம், மக்ரோவில் உள்ள பொத்தான்களின் ஒழுங்கு, இந்த நாலையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.